படம்பிடிப்பவரும் படையில் ஒருவர்: சேர்வராயன் மலையில் ஒரு போர்ப்படம் எடுத்தால்

சேலத்தில் குறும்படம் எடுக்கும் இளைஞர்களுக்குக் குறைச்சல் இல்லை. பேய்க்கதை எடுப்பார்கள், காதல் தோல்வி எடுப்பார்கள், கொண்டை ஊசி வளைவில் பைக் விபத்து எடுப்பார்கள். போர்ப்படம் என்று பேச்செடுத்தால் மட்டும், டாங்கிக்கு எங்கே போவது, ஹெலிகாப்டருக்கு யார் காசு கொடுப்பது என்று கேட்டு அங்கேயே மூடிவிடுவார்கள். அந்தக் கேள்விக்கு 1989லேயே பதில் சொன்ன படம் ஒன்று இருக்கிறது: ‘84 சார்லி மோபிக்’. எழுதி இயக்கியவர் பேட்ரிக் ஷேன் டங்கன். வியட்நாமில் சிப்பாயாக இருந்துவிட்டு வந்தவர். ‘84 சார்லி’ என்பது அமெரிக்கத் தரைப்படையில் சினிமா கேமராக்காரர் வேலைக்கு உரிய குறியீடு.

கதை ரொம்பச் சின்னது. 1969, வியட்நாமின் மத்திய மேட்டுநிலம். ஐந்து பேர் கொண்ட உளவு ரோந்துக் குழு காட்டுக்குள் போகிறது. கூடவே ஒரு லெப்டினன்ட்டும், அந்தப் பயணத்தைப் பயிற்சிப் படமாகப் பதிவு செய்ய ஒரு கேமராக்காரரும். அந்தக் கேமரா பார்த்தது மட்டும்தான் நமக்குக் காட்டப்படுகிறது. கேமராக்காரர் பெரும்பாலும் குரலாகவே வருகிறார். வியட்நாமுக்குப் பதிலாகத் தெற்குக் கலிபோர்னியாவின் மலைகள், 35 எம்.எம்.முக்குப் பதிலாக 16 எம்.எம். பிலிம். நூறு துணை நடிகர்கள் இல்லை, டாங்கி இல்லை, குண்டு போடும் விமானம் இல்லை. எதிரி கண்ணில் படுவதே அபூர்வம். பார்க்கிறவருக்கு இதெல்லாம் இல்லை என்ற நினைப்பே வருவதில்லை, ஏனென்றால் ரோந்து போகிற சிப்பாயும் இவற்றை அன்றாடம் பார்ப்பதில்லை. யாரோ எடுத்துவைத்து, பிறகு கண்டெடுத்த பதிவுபோலக் கதை சொல்லும் ‘ஃபவுண்ட் ஃபுட்டேஜ்’ பாணியை ‘தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்’ உலகம் முழுக்கக் கொண்டுபோன 1999க்குப் பத்தாண்டுகள் முன்பே வந்த படம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடிவை இங்கே உடைக்கப் போவதில்லை. தேடிப் பிடித்துப் பாருங்கள்.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் பாடம் தப்பானது. கேமராவை ஆட்டினால் போதும், போர் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். படம் நிற்பது ஆட்டத்தில் இல்லை, கணக்கில். கேமரா யார் கையில் இருக்கிறது, எதற்காகப் பிடிக்கிறார், இன்னும் எவ்வளவு பிலிம் மிச்சம், இவ்வளவு நடந்தும் ஏன் நிறுத்தவில்லை? இந்த நாலுக்கும் ஒவ்வொரு ஷாட்டிலும் பதில் இருந்தால் படம் தானாகவே மலிவாகும். ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், எத்தனை லட்சம் கொட்டினாலும் பொய் தெரிந்துவிடும்.

ரீல் கணக்கு

16 எம்.எம். பிலிமில் ஒரு அடிக்கு 40 பிரேம். 100 அடிச் சுருள் என்றால் 4000 பிரேம். நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் 2 நிமிடம் 46 நொடி. 400 அடி மேகசின் (கேமராவில் மாட்டும் பிலிம் பெட்டி) என்றால் 11 நிமிடம் 6 நொடி. 35 எம்.எம்.மில் அடிக்கு 16 பிரேம்தான். 100 அடி வெறும் 66 நொடியில் தீர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் களத்துக்குப் போன ஐமோ மாதிரியான கேமராக்களில் ஓடியது இந்த 35 எம்.எம். 100 அடிச் சுருள்தான். அதாவது போர்க்களத்தில் நின்றவர் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை சுருள் மாற்றியாக வேண்டும்.

இன்று நீங்கள் எடுக்கப் போவது செல்போனிலோ மிரர்லெஸ் கேமராவிலோதான். ஆனாலும் கதைக்குள் இருக்கும் கேமரா எது என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதன் வரம்பை உங்கள் வரம்பாக ஏற்றுக்கொள்ள வேண்டும். 100 அடிச் சுருள் என்று வைத்துக்கொண்டால், 20 நிமிடக் குறும்படத்துக்கு 8 சுருள். 80 நிமிடப் படத்துக்கு 29. திரைக்கதையைக் காட்சி 1, காட்சி 2 என்று பிரிப்பதை விட்டுவிட்டுச் சுருள் 1, சுருள் 2 என்று எழுதிப் பாருங்கள். ஒரு சுருளுக்குள் கேமராக்காரர் எத்தனை முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறார் என்பதையும் குறியுங்கள். மிச்சம் 40 அடிதான் இருக்கிறது என்று தெரிந்தவர், சாப்பிடுகிற சிப்பாயைப் படம் பிடிக்க மாட்டார். பிடித்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம்தான் அவருடைய குணச்சித்திரம். வசனம் எழுதத் தேவையில்லை.

ஸ்பிரிங் முறுக்கி ஓட்டும் கேமராவாக இருந்தால் இன்னொரு வரம்பும் சேரும். போலக்ஸ் எச்-16 கேமராவை ஒருமுறை முழுதாக முறுக்கினால் 24 பிரேம் வேகத்தில் அரை நிமிடம்கூட ஓடாது. ஆக எந்த ஷாட்டும் 28 நொடியைத் தாண்டக் கூடாது. கேமராக்காரர் அடிபட்டு விழுந்தால், விசை பூட்டிய நிலையில் கேமரா தரையில் கிடந்து, மிச்சம் இருக்கும் முறுக்குக்கு ஓடி நின்றுபோகும். விழுந்த கேமரா பத்து நிமிடம் ஓடிக்கொண்டே இருப்பதும், அதன் முன்னால் சரியாக பிரேமுக்குள் வந்து ஒருவர் சாவதும் இந்த வகைப் படங்களில் அடிக்கடி பார்க்கிற அபத்தம்.

நிறுத்தி ஓட்டும் இடத்தில் பிலிமில் ஒரு அடையாளம் விழும். மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் போன ஒன்றிரண்டு பிரேமில் வெளிச்சம் கூடுதலாகப் பட்டு வெளுத்துவிடும். எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டுக்கும் அடுத்து வரும் முதல் இரண்டு பிரேமின் எக்ஸ்போஷரை ஏற்றினால் போதும். சுருளின் தொடக்கத்தில், பகல் வெளிச்சத்தில் மாட்டியதால் முதல் இரண்டு மூன்று அடிக்கு ஓரத்தில் இருந்து ஆரஞ்சு நிறம் கசிந்திருக்கும். அது திரையில் நாலைந்து நொடி. ஆப்களில் கிடைக்கும் ‘பழைய பிலிம்’ எஃபெக்ட் படம் நெடுகக் கீறலும் தூசியுமாகக் கொட்டுகிறது. கீறல் விழுவது ஆயிரம் தடவை ஓட்டிய தியேட்டர் பிரதியில். கழுவி எடுத்து டப்பாவில் கிடந்த பிலிமில் அவ்வளவு இருக்காது.

16 எம்.எம். சட்டகம் 1.37க்கு 1. செல்போனின் 16:9 படத்தில் அகலத்தில் 23 சதவீதம் வெட்டுப்படும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் திரையின் இரு ஓரத்திலும் ஒட்டிவிட்டு எடுங்கள். பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் பாதித் தலை போய்விடும். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ ஃபோகஸ், ஸ்டெபிலைசேஷன் மூன்றையும் அணைக்க வேண்டும். மரநிழலில் இருந்து வெயிலுக்குத் திரும்பும்போது படம் தானாக மூச்சு வாங்குவதுபோல மங்கி வெளுத்தால், 1969 என்று யாரும் நம்பப் போவதில்லை. ஷட்டர் 1/48 அல்லது 1/50 நொடி. உச்சிவெயிலில் செல்போன் லென்ஸுக்கு இது அதிக வெளிச்சம், வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. 64 ஃபில்டர் வேண்டும், மரநிழலுக்குள் என்.டி. 8 போதும். ஃபில்டர் இல்லாமல் ஷட்டரை 1/1000க்கு ஏற்றினால், ஓடுகிற ஆட்கள் வெட்டி வெட்டித் தெரிவார்கள். சில பெரிய போர்ப் படங்களில் வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார்கள். ஆனால் அது குறுகிய ஷட்டர் வைத்த சினிமா கேமராவின் முடிவு, சாதாரண ராணுவக் கேமராக்காரரின் முடிவு அல்ல.

எந்தப் போர், எந்த ஆண்டு

இதைக் கதாசிரியர் விருப்பம் என்று விட்டுவிட முடியாது. ஆண்டைத் தேர்ந்தெடுத்த மறுகணம் ஒலி முடிவாகிவிடுகிறது.

தமிழருக்கு நெருக்கமான போர்க்களம் பர்மா. ராணுவப் பொறியியல் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் அங்கே இருந்தார்கள். எதிர்ப்பக்கம் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களில் இருந்து சேர்ந்த தமிழர்கள் இருந்தார்கள். 1944 இம்பால் பகுதிக் காடு என்று ஒரு கதை எழுத யாருக்கும் ஆசை வரும். பிரிட்டிஷ் ராணுவத்தின் திரைப்படப் பிரிவு அங்கே படம் பிடித்ததும் உண்மை. ஆனால் அவர்கள் களத்தில் பிடித்தது ஏறக்குறைய எல்லாமே ஊமைப் படம். ஒலி பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தது. எனவே 1944இல் கண்டெடுத்த சுருளில் சிப்பாய்கள் பேசுவது கேட்டால் அது பொய். இந்தப் போரை எடுத்தே தீருவேன் என்றால், ஊமையாக எடுத்துவிட்டு, கேமராக்காரர் ஒவ்வொரு சுருளோடும் எழுதி அனுப்பிய குறிப்புத் தாளை யாரோ படிப்பதுபோல ஒரே ஒரு குரல் வைக்கலாம். சுருள் எண், இடம், தேதி, யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம். ஒரு நோட்டுத்தாள் செலவு. நல்ல நடிகர் படித்தால் துப்பாக்கிச் சத்தமே வேண்டாம்.

டங்கன் 1969ஐ எடுத்துக்கொண்டதில் இந்தச் சௌகரியம் இருக்கிறது. சத்தம் போடாமல் ஓடும் 16 எம்.எம். கேமராவும், தோளில் மாட்டும் நாக்ரா டேப் ரெக்கார்டரும் அதற்குள் வந்துவிட்டன. 1967ஆம் ஆண்டின் ‘தி ஆண்டர்சன் பிளாட்டூன்’ என்ற உண்மையான ஆவணப்படம் ஒரு பிளாட்டூனோடு வியட்நாமில் நடந்தே எடுக்கப்பட்டு ஆஸ்கர் வாங்கியது. அப்படி ஒன்று நடக்கும் என்பது பார்வையாளருக்கு ஏற்கனவே தெரியும்.

இன்றைய போர் என்றால் செல்போன். இதில் தமிழ்ப் பார்வையாளரிடம் கவனமாக இருக்க வேண்டும். 2009இல் ஈழப் போரின் கடைசி நாட்களில் செல்போனில் பிடிக்கப்பட்ட காட்சிகள் 2011இல் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பிய ஆவணப்படம் வழியாக இங்கே வீட்டுக்கு வீடு வந்தன. நிஜம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் இவர்கள். அதைப் போலச் செய்து காட்ட முயன்றால் போலி என்று முதல் நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். போலியாகத் தெரியவில்லை என்றால் அது அதைவிடக் கேவலம். அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

நவீன இந்திய ராணுவமும் சிக்கல்தான். 2020இல் பாதுகாப்பு அமைச்சகம், ராணுவத்தைப் பற்றிய படங்களுக்குத் தன்னிடம் தடையில்லாச் சான்று வாங்கச் சொன்னது. 2022இல் அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் டிசைனைப் பதிவும் செய்துவிட்டார்கள். சிப்பாய் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு சீருடை போடுவது பாரதிய நியாய சன்ஹிதா 168ஆவது பிரிவின்படி குற்றம். பெயர் சொல்லாத நாட்டின் பெயர் சொல்லாத படை என்று வைத்துக்கொண்டால் சட்டச் சிக்கல் குறையும். கதையும் கெடாது.

மலை என்ன தரும், என்ன கெடுக்கும்

மலையை ஸ்டுடியோவின் கொல்லைப்புறமாக வைத்துப் படம் எடுத்த ஊர் இது. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது. 1952இல் அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ கூட எடுத்தார்கள். இன்று நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. மலை அப்படியே இருக்கிறது.

சேலம் நகரம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில். சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல். நடுவில் 30 கிலோமீட்டர் சாலை, 20 கொண்டை ஊசி வளைவு. இந்த ஏற்றத்துக்குள் மூன்று விதமான நிலம் கிடைக்கிறது. அடிவாரத்தில் முள்காடும் பாறையும். நடு மலையில், குறிப்பாகக் குப்பனூர் வழியில், மூங்கிலும் இலையுதிர் மரங்களும். மேலே காப்பித் தோட்டம். வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்திலும் காப்பிதான். அங்குள்ள தலாத் நகரமும் ஏறக்குறைய 1500 மீட்டர்தான். ரோந்துக் குழு மூன்று நாள் நடப்பதாகக் கதை சொன்னால், நிலம் மாறுவதைக் காட்டியே நாள் கடந்ததைச் சொல்லிவிடலாம்.

காப்பித் தோட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள் நேர் வரிசையில் நிற்கும், ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி ஏறியிருக்கும். வரிசைக்கு நேராகக் கேமரா திரும்பினால் காடு போய் எஸ்டேட் வந்துவிடும். வரிசைக்குக் குறுக்கே, சாய்வாக நின்று, சரிவின் கீழிருந்து மேலே பார்த்து எடுத்தால் அதே இடம் காடாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் மழை விழுந்ததும் காப்பி பூத்து செடியெல்லாம் வெள்ளையாகிவிடும். பார்க்க அழகு, போர்ப்படத்துக்கு உதவாது. நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிப்பு. தோட்டத்துக்குள் ஆள் நடமாட்டமும் பேச்சுச் சத்தமும் இருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு சருகு காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும் மலை பற்றிக்கொள்ள. மழை ஓய்ந்த இடைவெளிகளில் ஆகஸ்ட், செப்டம்பர் பரவாயில்லை. மே மாதத்தைத் தொடவே தொடாதீர்கள். கோடை விழாக் கூட்டத்தில் சத்தமில்லாத ஒரு நிமிடம் கிடைக்காது. வாரத்தில் செவ்வாய் முதல் வியாழன் வரைதான் வேலை நாள்.

மூடுபனிக்கு வருவோம். சாதாரணப் படத்துக்கு ஏற்காட்டுப் பனி எமன். ஒரு ஷாட்டில் மரம் தெரியும், அடுத்த கோணத்துக்கு லைட் மாற்றுவதற்குள் மரம் காணாமல் போகும், கன்டின்யூட்டி நாசம். ஃபவுண்ட் ஃபுட்டேஜில் அடுத்த கோணமே கிடையாது. கேமரா நின்றது, மறுபடி ஓடியது. நடுவில் பனி வந்திருந்தால் வந்திருக்கட்டும், கதைக்குள்ளும் நேரம் கடந்திருக்கிறது. இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. க்ளோசப், ரியாக்‌ஷன் ஷாட், கட் அவே எதுவும் கையில் இருக்காது. இரண்டே முக்கால் நிமிட டேக்கில் 2 நிமிடம் 30ஆவது நொடியில் ஒருவர் வசனத்தை மறந்தால் முழு டேக்கும் போச்சு. அதனால் ஒத்திகைக்கு 10 நாள், படப்பிடிப்புக்கு 9 நாள் என்று திட்டமிட வேண்டும். நம் வழக்கத்துக்கு இது தலைகீழ். ஒத்திகையைச் சேலத்திலேயே ஏதாவது மைதானத்தில், மரம் இருக்கும் இடத்தில் சுண்ணாம்புக் குறி போட்டு நடத்தலாம்.

பனியில் கேமராவுக்கு வரும் தொல்லை வேர்ப்புதான். வெளியிலிருப்பதைவிடக் குளிர்ந்த இடத்தில் கிடந்த லென்ஸை, அது ஏசி காராக இருந்தாலும் சரி, ஈரக்காற்றில் எடுத்த உடனே உள்ளுக்குள் நீர் படியும். ஜிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு, பையை மூடியபடியே வெளியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். துணியால் துடைத்துச் சமாளிக்கலாம் என்றால் உள்கண்ணாடியைத் துடைக்க முடியாது.

காட்டுமாடு நிற்கும் சரிவில் படப்பிடிப்பு இல்லை. அது நகரும்வரை யூனிட் வேனில் இருக்கட்டும்.

காதுக்குத் தெரியும் எதிரி

எதிரி கண்ணில் படாத படத்தில் எதிரியாக நடிப்பது ஒலி. இங்கேதான் குறைந்த பட்ஜெட் போர்ப்படங்கள் மண்ணைக் கவ்வுகின்றன. இணையத்தில் இறக்கிய ‘டுமீல்’ ஒன்றை எல்லாத் தூரத்துக்கும் ஒட்டிவிடுவார்கள்.

நிஜத்தில் ஒரு துப்பாக்கிக் குண்டுக்கு இரண்டு சத்தம். ரைபிள் குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால், நம்மைக் கடக்கும்போது சாட்டை சொடுக்குவதுபோல ‘ட்டக்’ என்று ஒரு வெடிப்பு. துப்பாக்கி வாயில் இருந்து கிளம்பிய ‘தும்’ பின்னால் வரும். ஒலி நொடிக்கு 340 மீட்டர். ஏகே-47 குண்டு துப்பாக்கியை விட்டு வெளியேறும்போது நொடிக்கு 715 மீட்டர். போகப் போகக் குறையும். 300 மீட்டர் தூரத்தில் இருந்து சுட்டால் இரண்டு சத்தத்துக்கும் இடைவெளி சுமார் மூன்றில் ஒரு பங்கு நொடி, அதாவது 8 பிரேம். 100 மீட்டரில் 3 பிரேம். எடிட் டைம்லைனில் இந்த இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே வந்தால், எதிரி நெருங்கி வருகிறான் என்பது ஒரு ஆளையும் காட்டாமல் புரிந்துவிடும். இவ்வளவு மலிவான எஃபெக்ட் இந்தப் படத்தில் வேறு இல்லை. சிப்பாய்களின் நடிப்பும் இதற்கு ஒத்துவர வேண்டும்: ‘ட்டக்’குக்குத் தலை குனிய வேண்டும், ‘தும்’முக்கு எங்கிருந்து என்று தேட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே துள்ளல் துள்ளினால் நாடக மேடை.

பேச்சைப் பொறுத்தவரை, தமிழ் சினிமாவின் டப்பிங் பழக்கத்தை ஒதுக்கிவைக்க வேண்டும். தியேட்டர் மைக்கில் உதட்டை ஒட்டிப் பேசிய குரல், பத்தடி தள்ளி நிற்கும் சிப்பாயின் வாயில் ஒட்டாது. கேமராவில் பொருத்திய மைக்கின் ஒலியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் சட்டைக்குள்ளும் ஒரு காலர் மைக் வைத்துப் புரியாத சொல்லுக்கு மட்டும் அதைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். கேமராக்காரரின் மூச்சு எல்லாவற்றையும்விடக் கிட்டத்தில் கேட்க வேண்டும். அவர்தானே மைக்குக்குப் பக்கத்தில் இருக்கிறார். காற்றுக்கு ரோமக் கவசம் போட்டே ஆக வேண்டும், ஸ்பாஞ்ச் உறை மலைக்காற்றுக்குத் தாங்காது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் அசையாமல் நின்று ஒரு நிமிட ஆம்பியன்ஸ், அதாவது அந்த இடத்தின் இயல்பான ஒலி, எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் அடிக்கும் ஹாரன் பள்ளத்தாக்கு முழுக்க ஏறி வரும். சாலையில் இருந்து முகடு ஒன்றைத் தாண்டி மறுசரிவில் லொகேஷன் பார்த்தால்தான் தப்பிக்கலாம். பின்னணி இசை கிடையாது. காட்டுக்குள் வயலின் வாசித்தது யார் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

குண்டு மண்ணில் படும் தெறிப்புக்கு வெடிமருந்து வேண்டாம். அரை அங்குல ரப்பர் ஹோஸைச் சருகுக்கடியில் புதைத்து, மறுமுனையில் சட்டென்று திறக்கும் பந்து வால்வு, பஞ்சர் கடையில் இருப்பது மாதிரிச் சின்ன கம்ப்ரசர். ஹோஸ் வாயில் ஒரு கைப்பிடி சலித்த செம்மண்ணும் முல்தானி மிட்டியும் கலந்து வைத்து, 30 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வால்வைத் திறந்தால் போதும். பி.வி.சி. பைப் வேண்டாம், அழுத்தம் தாங்காமல் உடைந்தால் சில்லு சில்லாகப் பறக்கும். கல் கலந்த மண்ணும் வேண்டாம். யாரும் 3 மீட்டருக்குள் நிற்கக் கூடாது. கம்ப்ரசர் ஓடும் சத்தம் பதிவாகும் என்பதால் காற்றை நிரப்பி அணைத்துவிட்டுத்தான் டேக்.

ரத்தத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் நாலு மேசைக்கரண்டி மைதா கரைத்துக் காய்ச்சி, ஆறியதும் சிவப்பு ஃபுட் கலரும், கடைசியில் இரண்டு கரண்டி காப்பி டிக்காஷனும். டிக்காஷன் இல்லாவிட்டால் ரோஸ்மில்க் நிறத்தில் நிற்கும். சர்க்கரைப் பாகில் செய்தால் பளபளப்பு கூடும், ஆனால் இந்த மலையில் பத்தே நிமிடத்தில் எறும்பு ஏறும். பிணமாக நடிப்பவர் பாவம்.

துப்பாக்கி மரத்தில் செய்யலாம். கனம்தான் முக்கியம். .303 ரைபிள் 4 கிலோ. மரப் பொம்மை ஒன்றரை, இரண்டு கிலோவைத் தாண்டாது. கனம் இல்லாத துப்பாக்கியை நடிகர்கள் விளக்குமாறு மாதிரி வீசி நடப்பார்கள், அது கேமராவில் அப்பட்டமாகத் தெரியும். கட்டையைக் குடைந்து 12 எம்.எம். கம்பி ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு செருகினால், மீட்டருக்கு 0.89 கிலோ வீதம் 1.8 கிலோ கூடிவிடும். முதுகுப் பையில் பஞ்சடைக்காதீர்கள். 6 லிட்டர் மணல் சுமார் 10 கிலோ. அதைச் சுமந்து சரிவேறியவருக்கு மூச்சிரைப்பு நடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சீருடையைச் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் துணி எடுத்துத் தைத்து, நாலு முறை துவைத்துக் கல்லில் தேய்த்தால் தீர்ந்தது.

இந்தப் பொம்மைத் துப்பாக்கிகளைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு மலையேறாதீர்கள். மூடிய பெட்டியில் வைத்து, அடிவாரச் சோதனைச் சாவடியில் காட்ட, காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து முத்திரை வாங்கிய கடிதத்தின் நகல் கையில் இருக்க வேண்டும். எஸ்டேட் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம், காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரின் அனுமதி. ‘யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று எடுத்த படத்தைத்தான் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். படப்பிடிப்பு நடக்கும் ஊரில், குறிப்பாக மலைக்கிராமங்களில், முதல் நாளே போய் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிடுவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. சீருடையும் துப்பாக்கியுமாக ஏழு பேர் காட்டுக்குள் இருந்து இறங்கினால் யாருக்கும் திக்கென்றுதான் இருக்கும்.

செலவில் பெரியது சாப்பாடும் வண்டியும்தான். 14 பேர் யூனிட், 9 நாள், மூன்று வேளை என்றால் 378 சாப்பாடு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் மணிக்கு 45 ஜி.பி.; ஒவ்வொரு இரவும் இரண்டு டிஸ்கில் நகல் எடுத்து, ஒன்றைச் சேலத்துக்கு இறக்கிவிடுங்கள்.

வெளியிடும்போது வரும் ஒரு சிக்கலை எழுதும்போதே தவிர்க்கலாம். திரையில் யாராவது புகை பிடித்தால் அந்தக் காட்சி முழுக்கக் கீழே எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும். படத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் புகையிலை எதிர்ப்புக் குறும்படம் வேறு. 2023 செப்டம்பர் முதல் ஓடிடிக்கும் இதே விதி. கண்டெடுத்த சுருளின் கீழே, கேமராக்காரர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது, ‘புகை பிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு’ என்று எழுத்து வந்தால் அதுவரை கட்டிய நம்பிக்கை எல்லாம் அந்த ஒரு வரியில் போய்விடும். சிப்பாய்க்குக் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்றால் வேர்க்கடலை கொடுங்கள். வெற்றிலையும் ஆகும், புகையிலை சேர்க்காமல்.